வாசகர் கேள்வி – பதில்: பருத்தி நிலத்தின் முதல் செயலாளர்

சென்ற இதழில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1966இல் செய்துகொண்ட தாஷ்கண்ட் உடன்படிக்கையைப் பற்றி எழுதியபோது, அக்காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளுள் ஒன்றான உஸ்பெகிஸ்தானில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளராக இருந்த ஷரஃப் ரஷீதோவின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ரஷீதோவ் யார்? எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஒரு குடியரசின் தலைமைக்கு எப்படி வந்தார்?
– மதுரை வாசகர்

ரஷ்யப் புரட்சி நடந்த அதே வாரத்தில், 1917 நவம்பர் 6ஆம் நாள், ஜிசாக் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் ரஷீதோவ் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்றுச் சில காலம் பள்ளியில் கற்பித்தார். பிறகு சமர்கந்தில் ‘லெனின் வழி’ என்ற பொருள்படும் பெயர்கொண்ட செய்தித்தாளில் சேர்ந்தார். சமர்கந்துப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பை அவர் முடித்த 1941ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியப் படையெடுப்பும் தொடங்கியது. போர்முனைக்குச் சென்றவர் காயமடைந்து ஊர் திரும்பி, விட்ட இடத்திலிருந்தே இதழ்ப் பணியைத் தொடர்ந்தார்.

போருக்குப் பின் அவருடைய ஏற்றம் வியப்பூட்டும் விரைவில் நிகழ்ந்தது. சமர்கந்து மாநிலக் குழுவின் செயலாளர், குடியரசின் முதன்மை நாளிதழான ‘செவ்வுஸ்பெகிஸ்தா’னின் ஆசிரியர், எழுத்தாளர் சங்கத்தின் தலைவர் என்று படிப்படியாக உயர்ந்து, 1950இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் உஸ்பெக் குடியரசின் சட்டமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக் குழுத் தலைவரானார். அது பெயரளவில் குடியரசின் மிக உயர்ந்த பதவி. ஆனால் உண்மையான அதிகாரம் கட்சியின் முதல் செயலாளரிடமே இருந்தது. 1959 மார்ச்சில் அப்பதவியிலிருந்து சபீர் கமாலோவ் நீக்கப்பட்டபோது, அந்த இடம் நாற்பத்தொரு வயது ரஷீதோவுக்குக் கிடைத்தது. அதன்பின் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், வேறு எவரும் அந்த நாற்காலியில் அமரவில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஸ்டாலின் காலத்தின் பெரும் களையெடுப்பில் உஸ்பெகிஸ்தானின் முந்தைய தலைமுறைத் தலைவர்களான ஃபைசுல்லா ஹொஜாயேவும் அக்மல் இக்ராமோவும் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரஷீதோவின் தலைமுறை அந்தக் காலியிடத்தில் வளர்ந்த தலைமுறை. மாஸ்கோவிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை அவர்கள் இருபது வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். அவருடைய பிற்கால நடத்தையில் பலவற்றுக்கு விளக்கம் இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குடியரசின் முதல் செயலாளருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது? அவர் மாஸ்கோவின் கைப்பாவை மட்டும்தானா?
– ஈரோடு வாசகர்

கைப்பாவை என்ற சொல் பொருந்தாது. தன்னாட்சி பெற்றவர் என்பதும் பொருந்தாது. போருக்குப் பிந்தைய காலத்தில் உருவான நடைமுறை இதுதான்: முதல் செயலாளர் அந்த மண்ணின் மகனாக இருப்பார், இரண்டாம் செயலாளரை மாஸ்கோ அனுப்பும், அவர் பெரும்பாலும் ரஷ்யராக இருப்பார். பதவி நியமனங்களின்மீது ஒரு கண் வைத்திருப்பது அவருடைய வேலை. விமானத் தொழிற்சாலை, பெரும் சுரங்கம் போன்றவை நேராக மாஸ்கோவின் அமைச்சகங்களுக்குக் கட்டுப்பட்டவை. படையும் உளவுத்துறையும் அவ்வாறே.

அப்படியானால் முதல் செயலாளரின் கையில் எஞ்சியது எது? மனிதர்கள். மாநிலச் செயலாளர் யார், வட்டாரச் செயலாளர் யார், கூட்டுப்பண்ணைத் தலைவர் யார், பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு யாருக்கு என்ற முடிவுகளில் அவருடைய சொல் எடுபட்டது. பிரெஷ்னெவ் ஆட்சிக்கு வந்தபின், அதிகாரிகளை அடிக்கடி மாற்றாத ‘நிலைத்த பணியமைப்பு’ என்ற கொள்கை வந்ததால், இந்த அதிகாரம் ஆண்டுக்கு ஆண்டு கெட்டிப்பட்டது. கஜகஸ்தானில் குனாயெவ், கிர்கிஸ்தானில் உசுபாலியெவ், தஜிகிஸ்தானில் ரசூலோவ் என்று அக்கம்பக்கத்திலும் நெடுங்காலத் தலைவர்களே இருந்தார்கள்.

அவருடைய எல்லையைக் காட்டும் ஒரு செய்தியும் உண்டு. ரஷீதோவ் 1961இல் சோவியத் ஒன்றியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மிக உயர்ந்த குழுவில் வேட்பு உறுப்பினரானார். வேட்பு உறுப்பினர் கூட்டத்தில் அமரலாம், பேசலாம்; வாக்களிக்க முடியாது. குனாயெவ் 1971இல் முழு உறுப்பினராக உயர்ந்தார். ரஷீதோவோ இருபத்திரண்டு ஆண்டுகள் வாக்கில்லாத உறுப்பினராகவே இருந்து மறைந்தார்.

கியூபா ஏவுகணை நெருக்கடியில் அவருக்குப் பங்கு இருந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– நாகர்கோவில் வாசகர்

உண்மை. 1962ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஹவானாவுக்குச் சென்ற சோவியத் தூதுக்குழு, வேளாண்மை குறித்துப் பேச வந்த குழு என்றே வெளியில் அறிவிக்கப்பட்டது. பருத்தி விளையும் குடியரசின் தலைவர் என்ற முறையில் ரஷீதோவ் அதற்குத் தலைமை தாங்கியதால் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் அக்குழுவில் ஏவுகணைப் படையின் தளபதி மார்ஷல் பிர்யுசோவ், பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பொறியாளராக இடம்பெற்றிருந்தார். கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவக் காஸ்ட்ரோவின் இசைவைப் பெறுவதே பயணத்தின் நோக்கம். அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் தம் மிகப்பெரிய மறைபொருளை நம்பி ஒப்படைத்தவர்களுள் ஒருவர் ரஷீதோவ் என்பதிலிருந்து, மாஸ்கோ அவரை எவ்வளவு மதித்தது என்பது விளங்கும்.

லால் பகதூர் சாஸ்திரி மறைந்த தாஷ்கண்டுக்கும் ரஷீதோவுக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதுவீர்களா?
– சேலம் வாசகர்

இந்தியாவுடன் அவருக்கு அதற்கு முன்பே பழக்கம் இருந்தது. 1955இல் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியாவுக்கு வந்தபோது, உடன் வந்த குழுவில் ரஷீதோவும் இருந்தார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு சோவியத் ஒன்றியம் காட்ட விரும்பிய முகம் அவருடையது: முஸ்லிம் மரபில் வந்தவர், ஆசியர், எழுத்தாளர், பேரரசின் குடியேற்ற நாடாக இருந்த ஒரு நிலத்தில் பிறந்து அந்நிலத்தை ஆளும் நிலைக்கு உயர்ந்தவர். 1958இல் ஆசிய – ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு தாஷ்கண்டில் கூடியதும், 1968 முதல் ஆசிய, ஆப்பிரிக்கத் திரைப்பட விழா அங்கே நடந்ததும் இதன் தொடர்ச்சியே.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே சமரசம் பேச சோவியத் பிரதமர் கோசிகின் தாஷ்கண்டைத் தேர்ந்தெடுத்ததும் இந்த நீண்ட முயற்சியின் பயனே. பேச்சு 1966 ஜனவரி 4இல் தொடங்கி, 10ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அன்று நள்ளிரவு கடந்து, 11ஆம் நாள் விடியும் முன்பே சாஸ்திரி மாரடைப்பால் காலமானார். தாஷ்கண்டில் இன்றும் அவர் பெயரில் ஒரு தெருவும் அவருடைய மார்பளவுச் சிலையும் இருக்கின்றன.

அந்த ஆண்டு தாஷ்கண்டை அத்துடன் விடவில்லை. ஏப்ரல் 26ஆம் நாள் அதிகாலையில் நகரின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, மிகக் குறைந்த ஆழத்தில், நில அதிர்ச்சி ஏற்பட்டது. அதன் வலிமை மிகப் பெரியதன்று. ஆனால் பழைய நகரம் மண்சுவர் வீடுகளால் ஆனது. உயிரிழந்தோர் எண்ணிக்கை எட்டு என்றே அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. வீடிழந்தோர் மூன்று லட்சம் பேர். பிரெஷ்னெவும் கோசிகினும் அன்றைக்கே விமானத்தில் வந்திறங்கினார்கள். எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டுமானத் தொழிலாளர்கள் வந்து சில ஆண்டுகளிலேயே புதிய நகரத்தை எழுப்பினார்கள். அகன்ற சாலைகள், நீரூற்றுகள், அடுக்ககங்கள் கொண்ட இன்றைய தாஷ்கண்ட் அப்போது பிறந்தது. 1977இல் மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ அங்கே ஓடத் தொடங்கியது. ரஷீதோவின் ஆட்சியைக் குறைகூறும் உஸ்பெக் மக்கள்கூட இந்த மறுகட்டுமானத்தைக் குறைத்துப் பேசுவதில்லை.

பருத்தி விளையும் ஊர்க்காரன் என்ற முறையில் கேட்கிறேன். ‘உஸ்பெக் பருத்தி ஊழல்’ என்பது என்ன? இல்லாத பருத்தியை எப்படிக் கணக்கில் காட்ட முடியும்?
– கோவில்பட்டி வாசகர்

இந்தக் கேள்விதான் ரஷீதோவின் வாழ்க்கைக்குள் நுழையும் வாசல் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சோவியத் ஒன்றியத்தின் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உஸ்பெகிஸ்தானே கொடுத்தது. 1960 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் விதை நீக்காத பருத்தி அங்கே விளைந்தது. 1970இல் அது 45 லட்சமானது. 1980இல் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ‘பசித்த புல்வெளி’ என்று பெயர்பெற்ற வறண்ட சமவெளியில் கால்வாய்கள் வெட்டி, யங்கியேர் போன்ற புதிய ஊர்களை அமைத்து, உண்மையிலேயே பெரும் பரப்பைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே வளர்ச்சி முழுவதும் பொய்யன்று. ஆனால் நிலத்துக்கும் நீருக்கும் ஓர் எல்லை உண்டு. மாஸ்கோவிலிருந்து வரும் திட்ட இலக்குக்கு எல்லை இல்லை. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்திலும் எண் கூடியது. அந்த எண்ணை எட்டினால் விருது, நிதி ஒதுக்கீடு, பதவி நீட்டிப்பு; எட்டாவிட்டால் நாற்காலி போய்விடும். உழவருக்குத் தரும் விலையையும் மாஸ்கோதான் முடிவு செய்தது.

எல்லை வந்த இடத்தில் பேனா வேலை செய்யத் தொடங்கியது. பண்ணைத் தலைவர் நூறு டன் கொடுத்ததாக எழுதுவார். கொள்முதல் நிலையத்தில் வந்து சேர்ந்தது எண்பது டன்னாக இருக்கும். இருபது டன்னுக்கான பணத்தின் ஒரு பகுதி, அந்தப் பொய்ச் சீட்டில் கையெழுத்திடும் கொள்முதல் அதிகாரிக்குப் போகும். அவர் அந்தக் குறையை, பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலையின் தலையில் வைப்பார். ஆலையில் ஈரம், தூசி, கழிவு, தீவிபத்து என்று சேதக் கணக்கெழுதிக் கொஞ்சம் குறைக்கலாம். மட்டமான பருத்தியை முதல் தரம் என்று எழுதலாம். அதற்குமேல் எஞ்சும் குறை ரயிலேறி ரஷ்யாவின் நெசவாலைகளுக்குப் போகும். பெட்டி பாதி காலியாகவோ, பஞ்சுக்குப் பதில் கழிவைச் சுமந்தோ போய்ச் சேர்ந்தாலும், ஆலை மேலாளருக்கு உரிய தொகை கிடைத்துவிட்டால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து விழும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் நேர்மையாக இருந்தாலும் முழுச் சங்கிலியும் அறுந்துவிடும். எனவே நேர்மையானவர் எவரும் அந்த இடங்களில் நீடிக்க முடியவில்லை. வராத பருத்திக்கு அரசு கொடுத்த தொகை 300 கோடி ரூபிளுக்கு மேல் என்று பின்னாளில் வழக்கை நடத்தியவர்கள் கணக்கிட்டார்கள்.

கணக்கில் வராத இழப்புகள் இன்னும் பெரியவை. ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீர் வயல்களுக்குத் திருப்பப்பட்டதால், 1960 வரை உலகின் நான்காவது பெரிய உள்நாட்டு நீர்ப்பரப்பாக இருந்த ஆரல் கடல் வற்றத் தொடங்கியது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக் ஊரிலிருந்து கடல் விலகிச் சென்றது; படகுகள் உப்பு மணலில் நின்றன. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடங்கியதும் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டு, மாணவர்கள் இரண்டு மூன்று மாதங்கள் பருத்தி எடுக்க அனுப்பப்பட்டார்கள். எடுப்பதற்கு வசதியாக இலைகளை உதிர்ப்பதற்கென்று வயல்களில் நச்சு மருந்தைத் தெளித்தார்கள். அதே வயல்களில்தான் பிள்ளைகள் வேலை செய்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவேடுதான் பருத்திக் கணக்குகள் எல்லாவற்றிலும் கொடியது என்று நான் கருதுகிறேன். பொய் எழுதிய டன்னுக்கு வழக்கு நடந்தது. பறிபோன பள்ளி நாட்களுக்கு எந்த வழக்கும் நடக்கவில்லை.

சோவியத் ஆட்சி வீழ்ந்தபின் எல்லாத் தலைவர்களையும் ஊழல்வாதி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ரஷீதோவ் தம் மக்களுக்காகப் பாடுபட்ட பொதுவுடைமையாளர். அவரை நீங்களும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?
– திருவாரூர் வாசகர்

உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. அதில் பாதி நியாயமும் இருக்கிறது. கணக்கைப் பெருக்கிக் காட்டுவது உஸ்பெகிஸ்தானில் முளைத்த நோயன்று. ரஷ்யாவின் ரியசான் மாநிலத்தில் கட்சிச் செயலாளர் லரியோனோவ், 1959இல் ஒரே ஆண்டில் இறைச்சி வழங்கலை மும்மடங்காக்குவதாக உறுதியளித்து, கறவை மாடுகளையும் வெட்டி, அண்டை மாநிலங்களிலும் கால்நடைகளை வாங்கி எண்ணை எட்டிக்காட்டினார். மறு ஆண்டே மாநிலத்தின் கால்நடைச் செல்வம் சரிந்து, உண்மை வெளிப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. பக்கத்துத் தஜிகிஸ்தானில் முதல் செயலாளர் உல்ஜபாயெவ், பருத்திக் கணக்கைப் பொய்யாகக் காட்டியதற்காகவே 1961இல் நீக்கப்பட்டார். ஆகவே ஒரு தேசிய இனத்தையே ஊழலுக்குப் பிறந்தவர்கள் என்று காட்டிய எண்பதுகளின் செய்தித்தாள் பிரச்சாரம் அநீதியானது. அதனால் உஸ்பெக் மக்கள் கொண்ட காயம் உண்மையானது.

ஆனால் இதே எடுத்துக்காட்டுகள் ரஷீதோவுக்கு எதிராகவும் சாட்சி சொல்கின்றன. பக்கத்துக் குடியரசின் தலைவர் இதே குற்றத்துக்காகப் பதவியிழந்ததை, தாம் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டிலேயே அவர் கண்டிருந்தார். இலக்கு தாங்கமுடியாதது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. சைபீரிய ஆறுகளைத் தெற்கே திருப்பிவிட வேண்டும் என்று மாஸ்கோவிடம் அவர் விடாமல் வலியுறுத்தி வந்ததே, உள்ள நீர் போதாது என்று அவர் உணர்ந்திருந்ததற்குச் சான்று. இருந்தும் மேடைதோறும் இன்னும் கூடுதல் பருத்தி தருவோம் என்று உறுதியளித்தவர் அவர்தான். அந்த உறுதிமொழிகளுக்காகப் பத்து லெனின் விருதுகளும், இரண்டு முறை சோஷலிச உழைப்பு வீரர் பட்டமும் பெற்றார். பருத்திக்கு ஈடாக நகரத்தையும் ஆலைகளையும் பதவிகளையும் தம் மக்களுக்குப் பெற்றுத் தந்தார் என்று சொல்லலாம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஈட்டைக் கொடுத்தவர்கள் மொய்னாக்கின் மீனவர்களும் வயலில் நின்ற பள்ளிப் பிள்ளைகளும். அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவர்கள் பக்கம் நின்று பார்க்கும்போது, தலைவரின் நல்லெண்ணத்தை மட்டும் எடைபோட்டு என்னால் தீர்ப்பெழுத முடியவில்லை.

அவர் எழுதிய நூல்கள் எவை?
– புதுச்சேரி வாசகர்

‘வெற்றியாளர்கள்’, ‘புயலினும் வலியது’ என்ற பொருள்படும் தலைப்புகளில் நாவல்கள் எழுதினார். அவற்றின் நாயகியான அய்கிஸ், வறண்ட நிலத்துக்கு நீரைக் கொண்டுவரப் போராடும் இளம்பெண். இந்தியப் பயணத்துக்குப் பின், நர்கிஸ் மலரும் வண்டும் காதலிக்கும் காஷ்மீரத்துக் கதையை ஒட்டிக் ‘காஷ்மீர் பாடல்’ என்னும் குறுநாவலையும் படைத்தார். நீர் வந்ததும் துன்பமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பிய நாவலாசிரியரே, அந்த நீரை எல்லாம் பருத்திக்குக் கொடுக்கும் ஆணைகளில் கையெழுத்திட நேர்ந்தது.

அவருடைய முடிவு எப்படி வந்தது? இறந்தபின் என்ன நடந்தது?
– தஞ்சாவூர் வாசகர்

1982 மார்ச்சில் பிரெஷ்னெவ் தாஷ்கண்டுக்கு வந்து, குடியரசுக்கு லெனின் விருது அளித்தார். அப்பயணத்தில் விமானத் தொழிற்சாலையைப் பார்வையிட்டபோது மேல்தளம் ஒன்று சரிந்து விழுந்து பிரெஷ்னெவின் காறை எலும்பு முறிந்தது. நவம்பரில் பிரெஷ்னெவ் இறந்தார்; உளவுத்துறையை நெடுங்காலம் நடத்திய ஆந்திரபோவ் பொதுச்செயலாளரானார். 1983 வசந்தத்தில், உஸ்பெகிஸ்தானின் புகாராவில் ஊழல் வழக்கின் முதல் கைதுகள் நடந்தன. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், ரஷீதோவ் காலமானார். இதயம் நின்றதே காரணம் என்பது அதிகாரபூர்வ அறிவிப்பு. தற்கொலை என்ற பேச்சு அப்போதே எழுந்து இன்றும் உலவுகிறது. வதந்தியை வரலாறாக எழுத நான் விரும்பவில்லை.

தாஷ்கண்டின் நடுவே பெரும் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். எட்டு மாதங்கள் கடக்கும் முன், 1984 ஜூனில் கூடிய உஸ்பெக் கட்சியின் மத்தியக் குழு, மாஸ்கோவிலிருந்து வந்த கட்சித் தலைவர்களுள் ஒருவரான லிகச்சோவின் முன்னிலையில் அவருடைய காலத்தைக் கண்டித்தது. அவரால் வளர்க்கப்பட்டவர்களே எழுந்து பேசினார்கள். பின்னர் அவருடைய கல்லறையும் நகர நடுவிலிருந்து அகற்றப்பட்டது. புலனாய்வு அதிகாரிகள் கிட்லியனும் இவானோவும் நடத்திய வழக்குகளில் ஆயிரக்கணக்கானோர் விசாரிக்கப்பட்டார்கள். கட்டாயப்படுத்தி வாக்குமூலம் வாங்கியதாகப் பின்னாளில் அவ்விருவர்மீதே குற்றச்சாட்டு எழுந்தது. ரஷீதோவுக்குப் பின் முதல் செயலாளரான உஸ்மான்ஹொஜாயெவும், பிரெஷ்னெவின் மருமகன் சுர்பானோவும் தண்டனை பெற்றார்கள்.

1991இல் நாடு விடுதலை பெற்றதும் காற்று மீண்டும் திசை மாறியது. தண்டிக்கப்பட்டவர்கள் மன்னிக்கப்பட்டார்கள், ரஷீதோவ் மாஸ்கோவின் கெடுபிடியிலிருந்து மக்களைக் காத்தவராக நினைவுகூரப்பட்டார். 2017இல் அவருடைய நூற்றாண்டை அரசே கொண்டாடியது.

இன்று தாஷ்கண்டுக்குச் செல்பவர் அவருடைய காலத்தின் அடையாளங்களைக் காண முடியுமா?
– சென்னை வாசகர்

நகரின் முக்கியச் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மெட்ரோவில் ஏறினால் ‘பக்தகோர்’ என்ற நிலையம் வரும். பருத்தி விளைவிப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். நகரின் புகழ்பெற்ற கால்பந்து அணிக்கும் அதே பெயர்தான். 1977இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் சுவர்களில் வண்ணக் கற்களால் பருத்தி பதிக்கப்பட்டிருக்கிறது. வெளியே வந்து ஏதேனும் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தால், நீல நிறத்தில் வெடித்த பருத்திக்காய் வரைந்த பீங்கான் கிண்ணத்தில் பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள்.